'மிஸ் ஆயிடுச்சு சார்' என்பது மன்னிப்பா? அலுவலகத்தில் தவறை ஒப்புக்கொள்வது எப்படி?

காலை 10 மணிக்கு வாடிக்கையாளருக்குப் போயிருக்க வேண்டிய அறிக்கை போகவில்லை. 12 மணிக்கு மேலாளர் கேட்கிறார். பதில் இரண்டு விதமாக வரலாம்.

"சாரி சார், மிஸ் ஆயிடுச்சு."

"சாரி சார், நான் மிஸ் பண்ணிட்டேன். 12.20-க்குள்ள அனுப்பிடுறேன்."

இரண்டிலும் 'சாரி' இருக்கிறது. மரியாதையும் இருக்கிறது. ஆனாலும் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில்லை. முதல் பதிலில் தவறு மழை பெய்வதுபோல தானாக நடந்திருக்கிறது. இரண்டாவது பதிலில் அதைச் செய்தவரும் இருக்கிறார், சரிசெய்யும் நேரமும் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மன்னிப்பு என்றால் பணிவாகப் பேசுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதனால் 'சாரி'யின் எண்ணிக்கை கூடுகிறது, விஷயம் குறைகிறது. தவறுக்குப் பிறகு எதிரில் இருப்பவர் உண்மையில் எதைக் கேட்க விரும்புகிறார்? அதை எப்படிச் சொல்வது? எங்கே சொல்வது? எதைச் சொல்லக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தமிழில் ஒளிந்துகொள்வது சுலபம்

பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை நினைவிருக்கலாம். திருந்தினான் என்பது தன்வினை. திருத்தினான் என்பது பிறவினை. தமிழில் இப்படிப் பல வினைச்சொற்கள் ஜோடியாகவே இருக்கின்றன. உடைந்தது, உடைத்தேன். கலைந்தது, கலைத்தேன். 'கண்ணாடி உடைந்தது' என்று சொல்லிவிட்டால், உடைத்தது யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அலுவலகத் தமிழில் ஆங்கிலச் சொற்கள் கலந்தாலும் இந்த ஜோடி கூடவே வருகிறது. 'டெலீட் ஆயிடுச்சு', 'டெலீட் பண்ணிட்டேன்'. 'லேட் ஆயிடுச்சு', 'லேட் பண்ணிட்டேன்'. 'ஃபைல் மாறிப்போச்சு', 'ஃபைலை மாத்தி அனுப்பிட்டேன்'. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் வாக்கியத்தில் ஆள் இல்லை.

'ஆயிடுச்சு' என்பது எப்போதும் தப்பித்தல் அல்ல. சர்வர் நின்றுபோனால் 'சர்வர் டவுன் ஆயிடுச்சு' என்பதுதான் உண்மை. செய்தவர் யார் என்று தெரிந்திருந்தும், அந்த ஆள் பேசுபவராகவே இருந்தும், வாக்கியத்திலிருந்து 'நான்' காணாமல் போகும்போதுதான் சிக்கல்.

ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு வழி உண்டு. 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்', அதாவது 'தவறுகள் செய்யப்பட்டன' என்ற செயப்பாட்டு வினை வாக்கியம். 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன், ஈரான் ஆயுத விற்பனை விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியபோது இந்தத் தொடரைப் பயன்படுத்தினார். யார் செய்தார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. பொறுப்பேற்காத மன்னிப்புக்கு உதாரணமாக அந்தத் தொடர் இன்றுவரை சுட்டிக்காட்டப்படுகிறது.

'மன்னிக்கவும்', 'வருந்துகிறேன்', 'சாரி': என்ன வித்தியாசம்?

'மன்னிக்கவும்' என்பது ஒரு வேண்டுகோள். எதிரில் இருப்பவர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். அதாவது, வேலை அவர் பக்கம் போகிறது.

'வருந்துகிறேன்' என்பது நம் உணர்வைச் சொல்வது. தவறு யாருடையது என்று அது சொல்வதில்லை. ரயில் நிலைய ஒலிபெருக்கியில் வரும் 'பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்ற அறிவிப்பை யாரும் மன்னிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அது தகவல்தான். 'ஏற்படும்' என்ற சொல்லையும் கவனியுங்கள். அந்தச் சிரமமும் தானாகவே ஏற்படுகிறது.

'சாரி' இரண்டுக்கும் பொதுவானது. பேருந்தில் காலை மிதித்தாலும் சாரி, 10 லட்சம் ரூபாய் ஆர்டர் கைவிட்டுப் போனாலும் சாரி. அதனால் பெரிய தவறு நடக்கும்போது அந்தச் சொல் மட்டும் போதுவதில்லை.

மூன்றுமே மரியாதையான சொற்கள்தான். ஆனால் 'இது நான் செய்த தவறு' என்ற தகவல் மூன்றில் எதிலும் இல்லை. அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். ஒரு மன்னிப்பில் 6 பகுதிகள் இருக்கலாம் என்று அவர்கள் பிரித்தார்கள்:

1. வருத்தம் தெரிவிப்பது
2. என்ன நடந்தது என்று விளக்குவது
3. பொறுப்பை ஏற்பது
4. இனி நடக்காது என்று உறுதி தருவது
5. சரிசெய்ய முன்வருவது
6. மன்னிக்கும்படி கேட்பது

இரண்டு சோதனைகளில் மொத்தம் 755 பேர், வெவ்வேறு பகுதிகள் கொண்ட மன்னிப்புகளை மதிப்பிட்டார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட சூழலும் அலுவலகம் சார்ந்ததுதான். வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர், முன்பு வேலை பார்த்த இடத்தில் வரிக் கணக்கில் செய்த தவறுக்கு மன்னிப்பு கேட்கிறார்.

முதலிடம் பிடித்தது, பொறுப்பை ஏற்பது. அடுத்தது, சரிசெய்ய முன்வருவது. கடைசி இடம், மன்னிக்கும்படி கேட்பது. விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்று ஆய்வாளர்கள் சொன்ன ஒரே பகுதியும் அதுதான்.

தமிழில் எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். நாம் பெரும்பாலும் முதலில் எழுதுவது 'மன்னிக்கவும்'. பல நேரங்களில் அதோடு நிறுத்தியும்விடுகிறோம். பட்டியலில் கடைசியில் இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு, முதல் இரண்டையும் விட்டுவிடுகிறோம். இது அமெரிக்காவில் நடந்த ஆய்வுதான். ஆனால் 'சும்மா சாரி சொன்னா ஆச்சா? இப்ப என்ன பண்ணப் போறே?' என்று நம்மூர் முதலாளி கேட்பதும் இதே கேள்வியைத்தான்.

நான்கு வரி போதும்

பெரும்பாலான அலுவலகத் தவறுகளுக்கு நான்கு வரி போதும். என்ன தவறு, அது யாருடையது, இப்போது என்ன செய்கிறோம், இனி எப்படித் தடுப்போம். 'சாரி' இவற்றில் எந்த வரியோடும் ஒட்டிக்கொள்ளலாம்.

சில மாதிரிகள்:

*மேலாளருக்கு, வாட்ஸ்அப்பில்:*
"மேடம், காலைல அனுப்பின ஷீட்ல போன மாசக் கணக்கு போயிருக்கு. நான் செக் பண்ணாம அனுப்பிட்டேன், சாரி. சரியான ஷீட் இப்ப உங்க மெயில்ல இருக்கு. கிளையன்ட்டுக்கு நானே போன் பண்ணி சொல்லிடவா, இல்ல நீங்க பேசுறீங்களா?"

கடைசிக் கேள்வி முக்கியம். தவறைச் சொல்வதோடு, மேலாளர் அடுத்து முடிவெடுக்க வேண்டியதையும் கையில் கொடுத்துவிடுகிறது.

*பின்னலாடை நிறுவனத்தில், மெர்ச்சண்டைசர் கட்டிங் மாஸ்டரிடம்:*
"மாஸ்டர், கட்டிங்கை நிறுத்துங்க. நான் கொடுத்த சைஸ் சார்ட் பழசு. தப்பு என்னோடது. புதுசு இப்ப அனுப்பியிருக்கேன். இதுவரைக்கும் எத்தனை பீஸ் வெட்டியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மேல நான் பேசிக்கிறேன்."

இதில் 'நிறுத்துங்க' என்பது முதலில் வருகிறது. சேதம் நடந்துகொண்டிருக்கும்போது மன்னிப்பு இரண்டாவதுதான். 'மேல நான் பேசிக்கிறேன்' என்ற வார்த்தை, பழி மாஸ்டர் தலையில் விழாது என்று அவருக்கு உறுதி தருகிறது.

*ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளருக்கு, மின்னஞ்சலில்:*
"ஐயா, வணக்கம். உங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேற்றே தாக்கலாகியிருக்க வேண்டும். நீங்கள் ஆவணங்களைச் சரியான நேரத்தில் கொடுத்துவிட்டீர்கள். தேதியைத் தவறவிட்டது எங்கள் அலுவலகம். இன்று காலை தாக்கல் செய்துவிட்டோம். ரசீது இணைப்பில் இருக்கிறது. தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் எங்கள் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம். அடுத்த மாதம் முதல் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே உங்களுக்கு வரைவு வந்துவிடும். இந்தத் தவறுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்."

'நீங்கள் சரியான நேரத்தில் கொடுத்துவிட்டீர்கள்' என்ற வரியைக் கவனியுங்கள். தவறு நடந்ததும் வாடிக்கையாளர் மனதில் வரும் முதல் சந்தேகம், 'என் மேல் ஏதாவது தப்பா?' என்பதுதான். அதைத் தீர்த்துவைப்பதும் மன்னிப்பில் அடக்கம்.

*குழுத் தலைவர், தன்னிடம் வேலை பார்ப்பவரிடம், நேரில்:*
"நேத்து மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் உங்ககிட்ட கத்தினேன். அது தப்பு. ரிப்போர்ட்ல குறை இருந்துச்சுங்கிறது வேற விஷயம். அதைத் தனியா சொல்லியிருக்கணும். இன்னிக்கு மீட்டிங்லயும் இதைச் சொல்லிடுறேன்."

மூத்தவர் இளையவரிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்ற பயம் நம் அலுவலகங்களில் அதிகம். அதனால் பல மேலாளர்கள் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடுகிறார்கள். டீயை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கியவருக்கு, எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது.

மன்னிப்பைக் கெடுக்கும் மூன்று சொற்கள்

இருந்தால்: 'யாருடைய மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.' பிரபலங்களின் அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கும் வாக்கியம். புண்பட்டதே இன்னும் உறுதியாகவில்லை என்கிறது இது. அலுவலகத்தில் இதன் வடிவம், 'உங்களுக்குச் சிரமமா இருந்திருந்தா சாரி'. சிரமம் என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட பிறகு 'இருந்திருந்தா' எதற்கு?

ஆனால்: 'என் தப்புதான், ஆனா நீங்களும் ரிமைண்ட் பண்ணல.' 'ஆனா'வுக்குப் பின்னால் வருவது மட்டும்தான் எதிரில் இருப்பவர் காதில் விழும். காரணம் சொல்லவே கூடாது என்பதில்லை. ஆய்வின் 6 பகுதிகளில் விளக்கமும் ஒன்று. பொறுப்பை ஏற்றுச் சரிசெய்யும் வழியைச் சொன்ன பிறகு, 'எப்படி நடந்தது என்றால்...' என்று தனி வாக்கியமாகச் சொன்னால் அது விளக்கம். ஒரே மூச்சில் 'ஆனா' போட்டால் அது சாக்கு.

சிரமம்: 'சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு' என்பது நம் அலுவலக மின்னஞ்சல்களின் தேசிய கீதம். அதைத் தமிழாக்கினால் 'ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்'. என்ன சிரமம் என்று பெயர் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். 'உங்கள் பணம் 4 நாட்கள் முடங்கியது', 'நீங்கள் இரண்டு முறை அலைய வேண்டியதாகிவிட்டது' என்று எழுதினால், அவருக்கு நடந்தது நமக்குப் புரிந்திருக்கிறது என்று தெரியும்.

எவ்வளவு சீக்கிரம்?

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமான நிலையங்களில் வரிசை நீண்டது. இந்தியாவில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்களின் படங்கள் அன்று சமூக வலைதளங்களில் பரவியது பலருக்கு நினைவிருக்கும்.

நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஜார்ஜ் கர்ட்ஸ் எக்ஸ் தளத்தில் போட்ட முதல் பதிவில் தகவல்கள் இருந்தன: இது சைபர் தாக்குதல் இல்லை, கோளாறு கண்டறியப்பட்டது, தீர்வு அனுப்பப்பட்டது. மன்னிப்பு இல்லை. அதற்கு விமர்சனம் எழுந்தது. அதே நாளில் தொலைக்காட்சிப் பேட்டியிலும், வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்திலும் அவர் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த சில நாட்களில் இன்னொரு சறுக்கல். தங்களோடு சேர்ந்து உழைத்த பார்ட்னர்களுக்கு நன்றியாக 10 டாலர் உணவு கூப்பன் அனுப்பியது நிறுவனம். இரவெல்லாம் கணினிகளை மீட்டவர்களுக்கு இது கேலியாகத் தெரிந்தது. சில கூப்பன்கள் வேலையும் செய்யவில்லை. சரிசெய்வது என்பது சேதத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்றும் தராமல் இருப்பதே மேல்.

ஆனால் ஆகஸ்ட்டில் நடந்தது வேறு. லாஸ் வேகஸில் நடக்கும் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில், 'மிகப் பெரிய சொதப்பல்' என்ற கேலி விருது கிரவுட்ஸ்டிரைக்குக்குக் கிடைத்தது. நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் சென்டோனாஸ் நேரில் மேடையேறி அதை வாங்கிக்கொண்டார். கோப்பையைத் தலைமை அலுவலகத்தில் ஊழியர்கள் கண்ணில் படும்படி வைக்கப்போவதாகச் சொன்னார். அரங்கம் கைதட்டியது.

இதோடு ஒப்பிட ஏற்றது, கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது. ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் இருந்த தரவுத்தளத்தை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். தவறு புரிந்து அவர் நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. கைவசம் இருந்த ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகளில் எதுவும் அந்த நேரத்தில் நம்பும்படி இல்லை. வாடிக்கையாளர்களின் சுமார் 6 மணி நேரத் தரவு போனது.

நிறுவனம் என்ன செய்தது? மீட்புப் பணியின் குறிப்புகளை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்துவைத்தது. யூடியூபில் நேரலையும் செய்தது. பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில், பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை என்பது வரை ஒப்புக்கொண்டது. தலைமை நிர்வாகி தன் பெயரில் மன்னிப்புக் கேட்டார். அறிக்கை அந்தப் பொறியாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒருவர் தவறு செய்தாலும் தரவு தப்பிக்கும் ஏற்பாடு ஏன் இல்லை என்று கேட்டது.

இதிலிருந்து ஒரு சாதாரண ஊழியர் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது. முழு விவரம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். 'தவறு நடந்திருக்கிறது, என் பக்கம்தான். முழு விவரம் 3 மணிக்குள் சொல்கிறேன்' என்று முதலில் ஒரு வரி. 3 மணிக்கு விவரம் கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்று 3 மணிக்குச் சொல்வது.

எங்கே சொல்வது?

தவறு எங்கே தெரிந்ததோ, மன்னிப்பும் அங்கே தெரிய வேண்டும். 40 பேர் இருக்கும் குழுவில் தவறான தகவலைப் போட்டுவிட்டு, ஒருவருக்கு மட்டும் தனியாக 'சாரி' அனுப்பினால் மற்ற 39 பேர் தவறான தகவலோடு இருப்பார்கள்.

இதை உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் கேட்டிருக்கிறது. பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடர்பான அவமதிப்பு வழக்கில், 2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது. வழக்கமாக நீங்கள் கொடுக்கும் விளம்பரங்களின் அளவிலா இந்த மன்னிப்பும் இருக்கிறது என்று நீதிபதிகள் கேட்டார்கள். அதன்பிறகு பெரிய அளவில் மன்னிப்பு விளம்பரம் வெளியானது.

எல்லாவற்றையும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதல்ல இதன் பொருள். ஒருவரைத் தனியாகப் புண்படுத்தியிருந்தால் தனியாகப் பேசுவதே நல்லது. பொதுவில் மன்னிப்புக் கேட்டால் 'பரவாயில்ல' என்று சொல்லும் கட்டாயம் அவருக்கு வந்துவிடும்.

ஊடகத்தையும் யோசிக்கலாம். சின்னத் தாமதத்துக்கு மெசேஜ் போதும். பணம், கெடு, பெயர் சம்பந்தப்பட்டதென்றால் முதலில் போன், பிறகு பேசியதை உறுதிசெய்து மின்னஞ்சல். கைகூப்பும் எமோஜியை மட்டும் அனுப்புவது, நேரில் தலையைச் சொறிவதற்குச் சமம்.

ரகசியத் தகவல் தவறான குழுவுக்குப் போய்விட்டால் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' போட்டுவிட்டு அமைதியாக இருப்பது ஆபத்து. பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். நீக்கியதைச் சொல்லி, இறக்கி வைத்தவர்களை அழிக்கச் சொல்லி, நிறுவனத்துக்குத் தாமே தெரிவித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

எல்லாமே என் தப்பு என்பதும் சரியல்ல

இன்னொரு எல்லையும் இருக்கிறது. 'சாரி, ஒரு டவுட்', 'சாரி ஃபார் டிஸ்டர்பிங்', 'சாரி, லீவ் வேணும்'. இவை எதிலும் தவறே இல்லை. சந்தேகம் கேட்பதும் விடுப்புக் கேட்பதும் வேலையின் பகுதி. இப்படி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்தச் சொல்லுக்கு எடை இருக்காது. 'காக்க வெச்சதுக்கு சாரி'யைச் சில இடங்களில் 'காத்திருந்ததுக்கு நன்றி' என்று மாற்றலாம். ஆனால் அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டு நன்றி மட்டும் சொன்னால் அதுவும் தப்பித்தல்தான்.

கனடாவில் கரீனா ஷூமன், மைக்கேல் ராஸ் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் ஆண்களைவிட அதிகம் மன்னிப்புக் கேட்பது தெரியவந்தது. ஆண்கள் மன்னிப்புக் கேட்கத் தயங்குவதால் அல்ல. தவறு என்று தாங்கள் நினைத்த விஷயங்களில், இருவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மன்னிப்புக் கேட்டார்கள். எது தவறு என்பதற்கான அளவுகோல் ஆண்களிடம் உயரமாக இருந்தது. 'இதுக்கெல்லாமா சாரி?' என்று ஒரு தரப்பும், 'இதுக்குக்கூடவா சாரி சொல்லல?' என்று இன்னொரு தரப்பும் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

குழுவாகச் செய்த வேலையில் பழி முழுவதையும் ஒருவர் சுமப்பதும் நியாயமில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பணிவு என்று நினைத்து இதைச் செய்துவிடுகிறார்கள். உண்மையான அளவில் சொல்வதே நேர்மை: "டெஸ்டிங் என் பொறுப்பு. அதுல ஒரு கேஸை நான் விட்டுட்டேன். ரிலீஸ் தேதியை மாத்தினது எப்படின்னு எல்லாரும் சேர்ந்து பார்க்கணும்."

பணமும் ஒப்பந்தமும் இருக்கும்போது

எழுத்தில் தவறை ஒப்புக்கொள்வதற்குச் சட்டரீதியான ஒரு பக்கமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின்படி, மின்னஞ்சல் உள்ளிட்ட மின்னணுப் பதிவுகள் சாட்சியமாக ஏற்கப்படக்கூடியவை. நிறுவனத்தின் சார்பில் 'நஷ்டத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு' என்று ஓர் ஊழியர் எழுதினால், பின்னர் வழக்கு வந்தால் அந்த வரி எடுத்துக்காட்டப்படலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009-லேயே, மன்னிப்புக் கேட்பதைச் சட்டப்படியான ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்று தனிச் சட்டம் போட்டார்கள்.

இதனால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. பெரிய நஷ்டம், காயம், ஒப்பந்த மீறல், தரவுக் கசிவு போன்றவற்றில் இரண்டு படி. உள்ளே, மேலாளரிடம் உடனே முழு உண்மை. வெளியே, நிறுவனத்தின் ஒப்புதலோடு, உறுதியான தகவல் மட்டும்: 'இந்தத் தேதியில் இது நடந்தது, இதைச் செய்துகொண்டிருக்கிறோம், நேரடியாகப் பேச இவரை அழைக்கலாம்.'

மறைப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு மாறான அனுபவமும் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை, 2001 முதல் சிகிச்சையில் நடந்த தவறுகளை நோயாளிகளிடம் வெளிப்படையாகச் சொல்லி, தன் தவறாக இருந்தால் மன்னிப்பும் இழப்பீடும் தரும் முறைக்கு மாறியது. 2010-ல் வெளியான ஆய்வின்படி, அதன்பிறகு அந்த மருத்துவமனை மீதான வழக்குகள் அதிகரிக்கவில்லை, குறைந்தன.

மன்னிப்பைக் கேட்டுக்கொள்பவரின் வேலை

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி எழும். 'பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்டா அப்ரைசல்ல அடி விழுமே?' பல அலுவலகங்களில் இந்தப் பயம் கற்பனை அல்ல. ஒப்புக்கொண்டவர் மாட்டிக்கொள்கிறார், 'ஆயிடுச்சு' சொன்னவர் தப்பிவிடுகிறார். அப்படிப்பட்ட இடத்தில் எல்லோரும் 'ஆயிடுச்சு' என்று பேசக் கற்றுக்கொள்வது ஊழியர்களின் குறை மட்டும் அல்ல.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து தருவதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. எண்ணிக்கை தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். மற்ற இடங்களில் தவறு நடக்காமல் இல்லை, மேலே வரவில்லை.

எனவே மேலாளருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவர் வந்து தவறைச் சொன்னால், முதல் வாக்கியம் 'ஏன் இப்படிப் பண்ணீங்க?' என்று இருக்க வேண்டாம். 'சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப என்ன பண்ணலாம்?' என்று கேட்கலாம். காரணம் அப்புறம். 'பரவாயில்ல' என்று மழுப்பவும் வேண்டாம். பரவாயில்லாத விஷயமாக இருந்தால், 'இது பெரிய விஷயம்தான். ஆனா நீங்க உடனே சொன்னதால சரிபண்ண நேரம் இருக்கு' என்று சொல்வது உண்மையாகவும் இருக்கும், ஒத்துக்கொண்டவருக்குத் துணையாகவும் இருக்கும். அதே தவறு மூன்றாவது முறை நடந்தால் பேச்சு வேறு மாதிரி போகலாம். முதல் முறை சொன்னவரைத் தண்டித்தால், இரண்டாவது தவறு காதுக்கே வராது.

அனுப்பும் முன் ஒரு நிமிடம்

மெசேஜை அனுப்பும் முன் இந்த 6 கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்:

- வாக்கியத்தில் 'நான்' அல்லது 'நாங்கள்' இருக்கிறதா, இல்லை எல்லாம் 'ஆயிடுச்சா'?
- என்ன தவறு என்று பெயர் சொல்லியிருக்கிறேனா?
- எப்போது, எப்படிச் சரியாகும் என்று சொல்லியிருக்கிறேனா?
- 'ஆனால்', 'இருந்தால்' எங்காவது ஒளிந்திருக்கிறதா?
- தெரிய வேண்டியவர்கள் எல்லோருக்கும் போகிறதா?
- சொன்ன நேரத்தில் செய்ய முடியுமா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் நேரத்தை மாற்றி எழுதுங்கள். 4 மணி என்று சொல்லிவிட்டு 6 மணிக்கு முடிப்பதைவிட, 6 மணி என்று சொல்லி 5.30-க்கு முடிப்பது மேல். இல்லாவிட்டால் மாலையில் இன்னொரு 'சாரி' எழுத வேண்டியிருக்கும்.